டிகிரி அண்ணனின் கோடு

ஐம்பத்தெட்டு டிகிரி இருக்கும். இனி தைரியமாகக் குடிக்கலாம், நாக்கு பொசுங்காது.

நம்பாமல் பார்க்கிறீர்கள். கோப்பையின் மேல் ஆவி எப்படிச் சுருள்கிறது என்பதை வைத்துச் சொன்னதுதான், மந்திரம் ஒன்றும் இல்லை. குளிக்கிற வெந்நீர், இஸ்திரிப் பெட்டி, வெயிலில் நின்ற பேருந்தின் கைப்பிடி என்று எதைத் தொட்டாலும் எனக்கு வாயில் ஓர் எண் வந்துவிடும். ஒருமுறை மாமனாருக்குக் காய்ச்சல். நெற்றியில் கை வைத்து நூற்று இரண்டு என்றேன். டாக்டர் வந்து கருவி வைத்துப் பார்த்துவிட்டு அவரும் நூற்று இரண்டு என்றார். மாமனார் போர்வைக்குள்ளிருந்து டாக்டரிடம், “அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டார். அந்த டாக்டர் அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.

நீங்கள் கேட்டது வேறு கேள்வி என்று தெரியும். தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையிலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார் என்றதும் மீசையும் தொப்பையுமாக ஒருவரை எதிர்பார்த்தேன். நீங்கள் என் வயதில் பாதி இருப்பீர்கள், இவ்வளவு பொறுமையாக டீ ஆறும்வரை காத்திருக்கிறீர்கள். உங்களிடம் நழுவ மாட்டேன். கொஞ்சம் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், ஆனால் வந்து சேர்ந்துவிடுவேன்.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பிளேடு போடுகிறான் என்று நினைக்காதீர்கள், எங்கள் தொழிலே பிளேடுதான். மின்சாரம் எடுக்கும் பெரிய டர்பைன்களுக்குள் விசிறி இதழ்கள்போலச் சுற்றுகிறவை. அவற்றை உரசிக்கொண்டு போகும் வாயுவின் சூட்டில் அந்த உலோகமே உருகிவிட வேண்டும். உருகுவதில்லை. உள்ளே குளிர்ந்த காற்று ஓடுகிறது, வெளியே பீங்கான் பூச்சு ஒன்று சட்டைபோல மூடியிருக்கிறது. நகக்கனம்தான் அந்தச் சட்டை. அதன் மேல்புறத்தில் ஒரு சூடு, அடியில், உலோகத்தைத் தொடும் இடத்தில், வேறு சூடு. அடியில் இருக்கும் சூடு தெரிந்தால்தான் பிளேடு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியும். பதினைந்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகிவிடும் என்று எங்களுக்குள் ஒரு வாய்ப்பாடு உண்டு.

அந்த இடத்துக்குள் தெர்மாமீட்டரை நுழைக்க வழியில்லை. அதற்கு ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. பூச்சு போடும்போதே, உலோகத்தை ஒட்டிய முதல் அடுக்கில் மட்டும் ஒளிரும் பொருள் ஒன்றைச் சிட்டிகை கலந்துவிடுவோம். வெளியிலிருந்து லேசரை ஒரு கணம் அடித்தால் அது உள்ளே மின்மினிபோல் மினுங்கி அணையும். குளிராக இருந்தால் ஆற அமர அணையும். சூடாக இருந்தால் அவசரமாக அணையும். எல்லாமே கண் இமைப்பதற்குள் நூறு முறை நடந்து முடிகிற வேகம், கருவிதான் பார்க்கும். இத்தனை நேரத்தில் அணைந்தால் இத்தனை டிகிரி என்று சொல்வதற்கு ஒரு வளைந்த கோடு வேண்டும். அந்தக் கோட்டைப் போட்டவன் நான்.

இந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் வால் மாதிரி மூன்று நான்கு பட்டம் தொங்கும். நான் டிப்ளமாவோடு நின்றவன். அதனாலேயே எனக்கு டிகிரி அண்ணன் என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். ஆனால் பதினொரு வருடத்துக்கு முன்னால் கோடு போட்டு முடித்த பிறகு அது டிகிரி கோடு என்று ஆனது. கையேட்டில் அச்சாகியிருக்கிறது. கருவிக்குள் பதிந்திருக்கிறது. வெளியூர்களிலிருந்து பட்டதாரிகள் வந்து, “டிகிரி கோடு வெச்சுப் பாத்தீங்களா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள், நான் பக்கத்து மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருப்பேன். அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? குழந்தைக்கு நம் சாயல் இருக்கிறது என்று மூன்றாம் மனிதர் சொன்னால் இருக்குமே, அது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. உதாரணம் தேடியபோது அது வந்து மாட்டியது.

இனி மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அவர்தான் இங்கே பூச்சுக்காரர். நெருப்புத் துப்பாக்கியைப் பிடித்து, பீங்கான் பொடியை உருக்கி, பிளேடின் மேல் தூவுகிற வேலை. முகமூடி போட்டுப் போட்டுக் கன்னத்தில் இரண்டு கோடு நிரந்தரமாக விழுந்திருக்கும். நல்ல மனிதர். கையெடுத்துக் கும்பிடலாம், அப்படி ஒரு வேலை சுத்தம். அவரை இங்கே சேர்த்துவிட்டவன் நான். அவரையும் தங்கையையும் சேர்த்துவைத்தவனும் நான்தான். இரண்டு தெரு தள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் குழாய் சொட்டுகிறதா, கதவு கிறீச்சிடுகிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவார். ஒழுகாத குழாயைக்கூட ஒருமுறை கழற்றி மாட்டினார். “கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது அண்ணி இவருக்கு” என்று தங்கை என் மனைவியிடம் பெருமையாகக் குறைபட்டுக்கொள்வாள்.

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததுதான் வினை.

போன வருடத்துக்கு முந்தைய வருடக் கடைசியில், ஒரு மாதமாகச் சாப்பாட்டு இடைவேளையில் அவரைக் காணவில்லை. வெளியே வேறு வேலை தேடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, “மச்சான், ஒண்ணு காட்டணும். கோவிச்சுக்கக் கூடாது” என்றார். ஒரு காகிதத்தை விரித்தார். என் கோட்டின் நகல். அதன்மேல் பென்சிலால் பதினெட்டு புள்ளிகள். ஒன்றுகூடக் கோட்டின்மேல் இல்லை. எல்லாம் ஒரே பக்கமாக, வரிசையில் நிற்கப் பிடிக்காத பிள்ளைகள்போலத் தள்ளி நின்றன.

“நீங்க பொடியில பாத்தீங்க. நான் பூச்சுல பாத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோடு போட்ட காலத்தில் பூச்சுத் துப்பாக்கி இரண்டு மாதத்துக்கு வேறு வேலைக்குப் பதிவாகியிருந்தது. எங்கள் தலைவர், அவரைப் பெரியவர் என்போம், வாலில் நெருப்புப் பிடித்ததுபோல அவசரப்பட்டார். பூச்சுப் போட்ட துண்டு கிடைக்கவில்லை. அதே ஒளிரும் பொருளின் பொடியை ஒரு கரண்டி எடுத்து, பீங்கான் தட்டில் வைத்து, உலையில் ஏற்றி, இருபத்தைந்து டிகிரிக்கு ஒருமுறை அளந்தேன். மூன்று வாரம். பொருள் ஒன்றுதானே, பிறகு பூச்சிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு என்பது எல்லோருக்கும் ஒரு நாளாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒன்பது பத்து வருடமாகிவிட்டது. துப்பாக்கியில் உருகி, பிளேடில் அறைந்து, சட்டென்று உறைந்த பிறகு அந்தப் பொருள் கொஞ்சம் நிதானமாக அணைகிறது. நிதானமாக அணைந்தால் என் கோடு சூடு குறைவு என்று படிக்கும்.

எவ்வளவு என்று கேட்டேன்.

“நாப்பத்தஞ்சு. நம்ம கோடு கம்மியா காட்டுது.”

நம்ம கோடு என்றார். அந்த ‘நம்ம’ செருப்புக்குள் சிக்கிய சிறு கல்போல உறுத்தியது.

அவர் மரியாதை தெரியாதவர் இல்லை. பெரியவரிடம் தான் போகப்போவதில்லை, நானே போய்ச் சொல்லிவிடலாம், நானே கண்டுபிடித்ததாகச் சொன்னாலும் தனக்குச் சம்மதம் என்றார். வியாழக்கிழமை இங்கே சோதனை டர்பைனில் உச்சச்சூட்டு ஓட்டம் இருக்கிறது, அதற்குள் கருவியில் மாற்றிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. சொல்லிவிட்டு, காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டு, என் மேசை விளக்கு ஆடுவதைப் பார்த்து, அதன் திருகை நகத்தால் முறுக்கிவிட்டுப் போனார்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒருவர் நம்மைத் திட்டினால் திருப்பித் திட்டலாம். பெரியவரிடம் போய் வத்தி வைத்தால், துரோகி என்று மனசார வெறுக்கலாம். அவர் எனக்கு ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை. மன்னித்துவிட்டார். மன்னிக்கிறார் என்றால் தப்பு என்னுடையது என்று முடிவு கட்டியாகிவிட்டது என்றுதானே பொருள்? அதுவும் நான் சேர்த்துவிட்ட வேலையில் இருந்துகொண்டு, என் தங்கை கட்டிக்கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிடாமல் மிச்சம்பிடித்த நேரத்தில்.

நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக அன்று மாலையே நானும் ஒரு பூச்சுத் துண்டை உலையில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு வந்தது. மாப்பிள்ளைக்கு அளவு எடுப்பதில் எப்போதுமே கொஞ்சம் அவசரம்.

மூன்று நாள் இருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை பெரியவரின் அறை வாசல்வரை போனேன். உள்ளே வெளியூர் ஆட்கள் இரண்டு பேர், மேசையில் கையேடு, திறந்திருந்த பக்கத்தில் என் கோடு. பெரியவர் என்னைக் கண்டதும், “இவருதான் அந்த டிகிரி” என்று அவர்களிடம் சொன்னார். இருவரும் எழுந்து கைகுலுக்கினார்கள். எழுந்து. நீங்களே சொல்லுங்கள், அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

புதன்கிழமை உட்கார்ந்து நிதானமாகக் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை ஓட்டத்தில் வைக்கப்போகும் பிளேடு ஏற்கெனவே பல ஓட்டம் பார்த்த கிழடு. கருவி காட்டும் எண் குறித்த அளவை எட்டும்வரை சூட்டை ஏற்றி, அங்கேயே ஒரு மணி நேரம் பிடித்துவைக்க வேண்டும். கருவி பழைய கோட்டிலேயே இருந்தால், எட்டிவிட்டது என்று அது சொல்லும்போது உண்மையில் நாற்பத்தேழு கூடுதலாக இருக்கும். ஆயுள் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே. பிளேடு கொஞ்சம் நீளும், உறையில் உரசும், ஓட்டம் பாழாகும். பூச்சு சரியில்லை என்று பேச்சு வரும். மாப்பிள்ளைக்குச் சின்னதாக ஒரு தலைக்குனிவு. அந்த வெட்கத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார் என்பதுதான் என் எண்ணம். அவருக்கு நல்லதுக்குத்தான். எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கிற குணம் வாழ்க்கைக்கு ஆகாது.

வியாழக்கிழமை காலை நல்ல வெளிச்சம். சோதனைக் கூடத்தின் வெளிச்சுவரில் இரண்டு புறா உட்கார்ந்திருந்தன. மாப்பிள்ளை கையுறையை மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். லேசரை நேராகப் பிடித்துவைக்க, பார்வைத் துவாரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும். அன்றைக்கு அவர் முறை.

“மச்சான், மாத்தியாச்சா?”

“மாத்தியாச்சு மாப்பிள்ளை. நேரா பாத்துப் படிங்க.”

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. வேறு யார் சொல்லியிருந்தாலும் போய்க் கருவியைத் திறந்து பார்த்திருப்பார். நான் சொன்னதால் பார்க்கவில்லை.

கட்டுப்பாட்டு மேசையில் ஒரு பெண் இருந்தாள். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய், எப்போது பார்த்தாலும் தூக்கக் கலக்கம். சூடு ஏறி நின்ற பிறகு, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் டீ குடித்துவிட்டு வாம்மா என்று அவளை அனுப்பினேன். அவளுக்குச் சந்தோஷம். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கண்கலங்குவாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணம் இருக்கிறவன் இப்படி ஓர் ஆளை வெளியே அனுப்பிவைப்பானா?

என்ன, எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள்?

சரி. நீங்கள் கணக்குத் தெரிந்தவர். உரசும் என்று மட்டும் நினைத்தவன் எதற்காக ஆளை வெளியே அனுப்ப வேண்டும் என்பதுதானே? நான்கூட இத்தனை நாள் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன். உங்களோடு பேசும்போது நிற்க வேண்டியிருக்கிறது. புதன்கிழமைக் கணக்கில் கடைசியாக ஒரு வரி இருந்தது. பிளேடு அறுந்து பறக்க இருபத்திரண்டு நிமிடம் என்று வந்தது. பறந்தால் அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் பறக்கும் என்று தெரிந்துகொள்ள டிகிரி தேவையில்லை, சுவரில் மெல்லிய இடம் அது ஒன்றுதான்.

அவள் போனதும் நானும் எழுந்து நடைக்கூடத்துக்கு வந்தேன். கையில் கடிகாரம் இருந்தது. இருபத்திரண்டு நிமிடம் ஆனதும் ஒன்றும் நடக்கவில்லை. அப்போது எனக்கு ஏற்பட்டது நிம்மதி என்றுதான், விபத்தை முதலில் விசாரித்து அறிக்கை எழுதியவரிடம் சொல்லலாம் என்றிருந்தேன், அவர் கேட்கவில்லை. உண்மையில் எரிச்சல்தான். எங்கே தவறவிட்டோம் என்று மனசுக்குள் கணக்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறாவது நிமிடத்தில் சத்தம் கேட்டது. நான்கு நிமிடப் பிசகு. பழைய பிளேடு என்றால் அந்த அளவுக்கு முன்பின் இருக்கும்.

பிறகு நடந்தது உங்களிடம் இருக்கும் முதல் அறிக்கையில் இருக்கிறது. அதை எழுதிய குழுவுக்கு நிபுணராக என்னைத்தான் போட்டார்கள். கருவியின் பதிவைப் பார்த்தோம். சூடு அளவுக்குள்தான் இருந்தது என்று என் கோடு சொன்னது. சூடு சரி என்றால் பூச்சுதான் கோளாறு. பூச்சுப் போட்டவர் யார்? இறந்தவரே. ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. இறந்தவர்மேல் பழி போட்டேன் என்று சொல்வீர்கள். உயிரோடு இருக்கிற ஒருவர் தலையில் அது விழாமல் பார்த்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

தங்கையை எங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். என் அறைக்கு எதிர் அறை. முதல் இரண்டு மாதம் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு நாள் நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது வந்து, கதவோரமாக நின்று கேட்டாள்.

“அண்ணா, அவரு வேலை அவ்வளவு மோசமா?”

கத்தியைக் கழுவிவிட்டு, எல்லோருக்கும் கை தவறுவது உண்டும்மா, அதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். தலையாட்டினாள். மறுநாள் அந்த மேசைக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போய், என் வீட்டுக்காரரால் உங்களுக்கும் ஆபத்து வந்திருக்கும், மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தாளாம். என் மனைவி சொன்னாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தங்கை அவ்வளவு தூரம் வெயிலில் நடந்தே போயிருக்கிறாள்.

உங்கள் உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் காகிதத்தை நீங்கள் மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பென்சிலை எனக்குத் தெரியும். மாப்பிள்ளை என்னிடம் கொடுத்தது நகல் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போனது என்றுதான் ஆச்சரியம். நான் என்னிடம் இருந்ததைக் கிழித்துப்போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். போன வாரம் தங்கை அவருடைய வேலைச் சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது கிடைத்திருக்கும். அவளுக்குக் கோடும் புள்ளியும் புரியாது. ஆனால் அடியில் அவர் எழுத்தில் ஒரு வரி இருக்குமே, எங்கே, காட்டுங்கள். ‘மச்சானிடம் சொல்லியாச்சு. வியாழனுக்குள் மாற்றிவிடுவார்.’ அதைப் படிக்கத் தெரியும் அவளுக்கு.

இன்று காலை எப்போதும்போல எனக்குத் தட்டு வைத்தாள். தண்ணீரும் வைத்தாள். அண்ணா என்று மட்டும் கூப்பிடவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, இன்று யாராவது வருவார்கள் என்று. அதனால்தான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம். கோடு தப்பு என்று தெரிந்துதான் கருவியை அப்படியே விட்டேன். தெரிந்துதான், மாற்றிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் எந்த இடத்தில் நிற்பார் என்று தெரிந்துதான் சொன்னேன். என் தங்கையின் கணவரை நான் கொன்றேன். சொல்லிப் பார்த்தால் அப்படியொன்றும் நீளமான வாக்கியம் இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். நானே முதலில் சொல்ல நினைத்தது, பேச்சுவாக்கில் தள்ளிப்போய்விட்டது. அந்தக் கோட்டை நம்பி வெளியே இருபது எந்திரங்கள் ஓடுகின்றன. மாப்பிள்ளை போன பிறகு ஆறு சேர்ந்தன, அவையும் இதில் அடக்கம். பதறாதீர்கள், பெரும்பாலானவை அரைச்சூட்டில்தான் ஓடும், அதனால் தாங்கும். முழுச்சூட்டில் ஓடுகிறவை மூன்று. அவற்றில் ஒன்றுக்கு என் கணக்குப்படி இந்த வாரம் கெடு. அதன் பக்கத்தில் ஒரு நேரத்தில் பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். மூன்றின் பெயரையும் இந்தச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்து புரிகிறதா?

போய்ப் பேசிவிட்டு வாருங்கள், போன் வெளியே நடைக்கூடத்தில் இருக்கிறது, வலதுபக்கம் இரண்டாவது கதவு. நான் எங்கே போகப்போகிறேன்?

ஒரு நிமிடம். கதவைத் திறப்பதற்கு முன்னால் இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். என்மேல் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், தடை சொல்ல மாட்டேன். ஆனால் டிகிரி கோடு தப்பு என்று மொட்டையாக எழுதிவிட்டால் படிக்கிறவர்கள் அளக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்கள். பொடியில் வைத்துப் பாருங்கள், இன்றைக்கும் ஒரு டிகிரி பிசகாது. மூன்று வாரம் உலைக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்த அளவு. அறிக்கையின் ஏதாவது ஒரு மூலையில், சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும், பொடிக்கு அந்தக் கோடு மிகச் சரி என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுவீர்களா?